ஆலோசனை அறையை விட்டு ஊருக்குள் போகும்போது: டெல்டாவில் வேலை தொடங்கும் மனநல ஆலோசகர்களுக்கு

மன்னார்குடியில் நான் உட்காரும் அறைக்கு ஒரு கார்த்திகை மாதம், மூன்று வாரத்துக்குள் ஐந்து பெண்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவருக்கு விடிகாலையில் நெஞ்சு படபடப்பு. இசிஜி எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை. ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது பெண், வாசலில் பைக் சத்தம் கேட்டால் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்கிறார். ஐந்தாமவர் எதுவும் சொல்லாமல் அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போனார். ஐந்து பேருக்கும் தனித்தனிக் கோப்பு போட்டேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். பைக் கதையை இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேரும் கோரையாற்றங்கரையில் ஒரே ஊர், அடுத்தடுத்த இரண்டு தெருக்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, பைக்கில் வரும் வசூல்காரரிடம் குழுக் கடன் தவணை கட்டுகிறவர்கள். அவர்களுக்கு வந்திருந்த நோயின் பெயர் செவ்வாய்க்கிழமை.

(ஊரையும் ஆட்களையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வேலை தொடங்கி, “இதை அறைக்குள் வைத்து மட்டும் தீர்க்க முடியாது போலிருக்கே” என்று நினைக்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே துன்பத்தைத் தனித்தனியாகச் சுமக்கிறவர்களை ஒன்றாக உட்காரவைத்து, அவர்களே அதற்கு ஏதாவது செய்துகொள்ள நாம் எப்படித் துணை நிற்கலாம் என்பதுதான் விஷயம். இது சிகிச்சை கிடையாது. கட்டணம் இல்லை, கோப்பு இல்லை. அறையில் கற்ற சில பழக்கங்கள் இங்கே கைகொடுக்கும்; சில பழக்கங்கள் காலை வாரிவிடும்.

முதலில் ஊரைப் படியுங்கள்

கூட்டம் சேர்வதை டெல்டாவுக்கு நாம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாக்கிய பி. சீனிவாசராவ் கர்நாடகப் பகுதியிலிருந்து வந்தவர். இங்கேயே தங்கித்தான் ஊரையும் பேச்சையும் பழகினார். அந்தப் போராட்டங்களை அடுத்துத்தான் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தங்கி வேலை செய்த சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1981-ல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் போகிற ஊரிலும் ஒரு காலத்தில் கொடி பிடித்த பெரியவர் யாராவது இருப்பார். அவரிடம் போய் மக்களை ஒருங்கிணைப்பது எப்படி என்று வகுப்பெடுத்தால், வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். போகவும் வேண்டும்.

அப்படியானால் நமக்கு அங்கே என்ன வேலை? எனக்குத் தெரிந்தவரை ஒரே ஒரு வேலைதான். கூலி, தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் மழையில் நனையும் மூட்டை இதற்கெல்லாம் கோஷம் போட ஊருக்குத் தெரியும். வெட்கத்தால் வாய் மூடிக் கிடக்கும் துன்பம் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. கடன், வீட்டுக்காரரின் குடி, படித்துவிட்டு வேலையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் மகன், இதையெல்லாம் யாரும் ஊர்வலத்தில் தூக்கிப் பிடிப்பதில்லை. வெட்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, “எனக்கும் அப்படித்தான்” என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கும்படி செய்வது நம் தொழில். மிச்சத்தை அவர்களே செய்துகொள்வார்கள்.

குழுக் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். அடமானம் கேட்காத கடன் என்பார்கள். ஒருவர் தவணை தவறினால் குழுவில் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத விதி. நடவுக்குப் போக வேண்டியவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் கட்டாதவர் மேல்தான் எரிச்சலைக் கொட்டுவார்கள். அடமானம் இல்லாமல் என்ன, மானமே அடமானம். அவசரத்துக்கு ஒரு கிண்ணம் அரிசி வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவே வசூல்காரர் ஆகிவிடுகிறார். பணச்சுமையைவிட இந்த முறிவுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கைவைக்கக்கூடிய இடமும் அதுதான்.

யார் வழியாகப் போவது

முதல் தடவை நான் ஊராட்சியில் செல்வாக்குள்ள ஒருவரின் காரில் போய் இறங்கினேன். திரும்பும்போது என் கையில் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்குமாக ஏழெட்டு மனுக்கள் இருந்தன. மனசு விட்டு ஒருவரும் பேசவில்லை. யாருடைய வண்டியில் வருகிறோமோ அவருடைய ஆளாகத்தான் ஊர் நம்மைப் பார்க்கும். பேருந்தில் போங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் இரவில் விளக்கு அணைவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளரையும் பாருங்கள். இவர்களிடம் யாரைப் பற்றியும் கதை கேட்காதீர்கள். “உங்களுக்கே இந்த வேலையில் என்ன கஷ்டம்?” என்று கேளுங்கள். அறிமுகம் தானாக நடக்கும்.

மீனவ ஊர் என்றால் வரிசை வேறு. நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் கூட்டம் போட்டால் அன்றோடு முடிந்தது. அவர்களிடம் சொல்லிவிட்டு, அப்புறம் மீன் விற்கப் போகும் பெண்களைத் தனியாகப் பாருங்கள். பஞ்சாயத்தில் அவர்கள் குரல் அவ்வளவாக எடுபடாது, ஆனால் வீட்டின் கடன் கணக்கு முழுக்க அவர்கள் விரல் நுனியில் இருக்கும்.

இடமும் நேரமும்

இந்த வேலையில் பாதி தோல்வி எங்கே உட்காருகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. கோயில் மண்டபம் நிழலாக, வசதியாக இருக்கும். அங்கே எல்லோரும் ஏறி உட்கார முடியுமா? ஊர்த் தெருவில் முதல் கூட்டம் போட்டால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். காலனியில் போட்டால் ஊர்த் தெருப் பெண்கள் வர மாட்டார்கள், அதற்குச் சொல்லும் காரணம் வேறாக இருக்கும்: தலைவலி, விருந்தாளி, மாடு கன்று போட்டிருக்கிறது. சாதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் நடந்துவிடும்.

நான் செய்தது இது. முதலில் காலனியில் போய் உட்கார்ந்தேன், கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அடுத்த வாரம் ஊர்த் தெரு. “முன்னாடியே அங்க போயிட்டு வந்துட்டீங்களாமே” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன், அவ்வளவுதான். இரண்டு தெருவிலும் இரண்டிரண்டு முறை தனித்தனியாக உட்கார்ந்த பிறகு, இரண்டு தரப்புக்கும் அதே கடன், அதே ஆள், அதே பைக் என்று அவர்களுக்கே தெரியவந்தது. மூன்றாவது முறை பள்ளிக்கூடத்தை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி நிழலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. பாயில் இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள், நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு. அந்த ஒரு முழத்தை முதல் நாளே அழிக்கப் பார்க்காதீர்கள். ஆனால் அதைப் பார்க்காத மாதிரியும் நடிக்காதீர்கள். உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். மூட்டு வலிக்கும் பாட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டுக் கீழே உட்காருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை நாட்காட்டியை மறந்துவிட்டு வயலைப் பாருங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் ஆனி, ஆடியில் குறுவை நடவு; அப்போது போனால் ஊரில் நாயும் கோழியும்தான் இருக்கும். தை, மாசி சம்பா அறுப்பிலும் அப்படியே. நூறுநாள் வேலை நடக்கும் வாரங்களில், வேலை முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குமுன் இரண்டரை முதல் நாலு மணி நல்ல நேரம். தவணை நாளும் அதற்கு முந்தின நாளும் வேண்டாம். முந்தின நாள் பணம் புரட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் உட்காரல்

பெயரிலேயே கவனம் வேண்டும். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரே நகரில் ஒரு முயற்சி தொடங்கினார். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. மனநலப் பெஞ்சு என்று சொன்னபோது யாரும் அருகில் வரவில்லையாம். நட்புப் பெஞ்சு என்று மாற்றிய பிறகுதான் வந்தார்கள். அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வைக் கூஃபுங்கிசிசா என்கிறார்கள். அளவுக்கு மேல் யோசிப்பது என்று பொருள். நம் ஊரில் “எந்நேரமும் யோசனையாவே இருக்கு” என்று சொல்வதும் அதுதானே. அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். டிப்ரஷன், ஆங்சைட்டி, ட்ராமா எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். என்னை முதலில் “டாக்டரம்மா” என்றார்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன், கடனும் தர மாட்டேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது சொன்னதில்தான் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

எப்படிப் பேசவைப்பது என்பதற்குப் பிரேசிலிலிருந்து ஒரு நல்ல வழி இருக்கிறது. அடல்பெர்ட்டோ பரெட்டோ என்ற மனநல மருத்துவர் 1987-ல் ஃபோர்டலேசா நகரின் பிராம்பு குடிசைப்பகுதியில் தொடங்கிய வட்டப் பேச்சு அது. விதிகள் எளியவை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும். “நான்” என்று தன் கதையை மட்டும் பேச வேண்டும். அறிவுரையும் பிரசங்கமும் கூடாது. பொருத்தமாக ஒரு பாட்டோ பழமொழியோ நினைவுக்கு வந்தால் யாரும் எடுத்துவிடலாம். நாற்று நடும்போதே பாட்டுக் கட்டுகிற, சாவு வீட்டில் ஒப்பாரியிலேயே மருமகளை இரண்டு வார்த்தை குத்திக்காட்டிவிடுகிற நம் பெண்களுக்கு இந்தக் கடைசி விதியைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கஷ்டம் இரண்டாவது விதியில்தான். “அவ அப்படிப் பண்ணினா, இவ இப்படிப் பேசினா” என்றே முதல் இருபது நிமிடம் ஓடும். ஓடட்டும். பிறகு மெல்ல, “சரி அக்கா, அன்னைக்கு ராத்திரி உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று திருப்புங்கள்.

அந்த ஊரில் திருப்பம் வந்தது ஒரு வயதான பெண்மணியிடமிருந்து. “நான் செவ்வாக்கிழமைன்னா திங்கக்கிழமை ராத்திரியே சோறு வடிக்க மறந்துடுறேன்” என்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூலையிலிருந்து ஒருவர், “நீங்களுமா அத்தை?” என்றார். அந்த மௌனத்தில் நான் வாய் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். வாய் திறக்காமல் இருப்பதற்குத்தான் நாம் இத்தனை வருடம் படித்தோம் என்று நினைக்கிறேன்.

அழுகை வந்தால் அழட்டும், யாரும் ஓடிப்போய்க் கண்ணைத் துடைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் போகாது என்று நீங்கள் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். கிராமம். போகும். அதனால், “வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் இங்கே பேசுங்கள், மிச்சத்தை என்னிடம் தனியாகப் பேசலாம்” என்பதே நேர்மை. படம் எடுக்காதீர்கள். ஒரு புகைப்படம் வாட்ஸ்அப்பில் போனால் அடுத்த வாரம் பாய் காலியாக இருக்கும்.

புளியங்கொட்டைக் கணக்கு

இரண்டு மூன்று முறை பேசித் தீர்த்த பிறகு ஒரு சலிப்பு வரும். “பேசி என்ன ஆகப்போகுது?” என்பார்கள். நல்ல அறிகுறி அது. அப்போது கணக்குக்குப் போங்கள்.

கோலமாவால் தரையில் பன்னிரண்டு கட்டம் போடச் சொன்னேன், சித்திரை முதல் பங்குனி வரை. கைக்குக் காசு வரும் மாதங்களில் புளியங்கொட்டை வைக்க வேண்டும், வரவுக்குத் தக்க எண்ணிக்கை. ஆனி, ஆடியில் நடவுக்கூலி, ஐப்பசி வரை சம்பா, தாளடி நடவு, களையெடுப்பு, தை, மாசியில் கொஞ்சம் அறுப்பு வேலை (மெஷின் வந்த பிறகு அதுவும் சுருங்கிவிட்டது), பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு பிடுங்கல். அப்புறம் தவணைக்குக் கூழாங்கல். கல்லுக்கு மாதம் கிடையாது, எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணிக்கை. வைத்து முடித்துவிட்டு எல்லோரும் நின்று பார்த்தார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் வைகாசியிலும் கல் மட்டும் கிடந்தது. என்னிடம் ஐந்து பேர் வந்தது எந்த மாதம் என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

“நமக்குச் சாமர்த்தியம் பத்தலைன்னு நெனச்சேன். மாசத்துலயே காசு இல்லையே” என்றார் ஒருவர். ஒன்றரை மாதம் அறையில் உட்கார்ந்து எந்த முறையைக் கையாண்டாலும் அந்த ஒரு வாக்கியத்தை நான் வரவழைத்திருக்க மாட்டேன். தரையில் போடும் கணக்கு குற்றத்தை ஆளிடமிருந்து எடுத்து மாதத்தின் மேல் வைத்துவிடுகிறது. அதற்காக எல்லாக் கடனும் நியாயமான செலவுக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. காது குத்துக்கு மண்டபம் பிடித்த கடனும் அந்தக் கூழாங்கல்லில் இருந்தது. அதையும் அவர்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

காரியத்துக்கு இறங்கும்போது

கடனைக் கட்டாதீர்கள் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. நாளைக்கு சிபில் கணக்கில் (யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்ற பதிவில்) அடிபடப்போவது அவர்கள்தான். தெரிந்திருக்க வேண்டிய விதிகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். 2022-ல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றித் தரும் கடன் நுண்கடன். அந்தக் குடும்பம் மாதந்தோறும் கட்ட வேண்டிய எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலைசெய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டு நச்சரிக்கக்கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, உறவினரைத் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறியச் செய்வது எல்லாம் தடை. கடன், தவணை விவரம் எழுதித் தரும் அட்டை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

எந்த விதி யாருடைய கடனுக்கு எப்படிப் பொருந்தும் என்று நீங்களாக வாதாடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை அழைத்துவாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு; தொலைபேசி எண் 15100. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விசாரிக்க 14448. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து பேசுவதற்கு ஒத்திகை பார்ப்பது மட்டும் நம் கைக்கு எட்டிய வேலை. ஒருவர் அதிகாரியாக நடிக்க, இன்னொருவர் பேச வேண்டும். அதிகாரியாக நடிப்பதற்குத்தான் போட்டி அதிகம்.

அந்த ஊர்ப் பெண்கள் கடைசியில் செய்தது சின்ன விஷயம். தவணை வாங்கும் இடத்தைத் திண்ணையிலிருந்து அங்கன்வாடிப் பக்கம் மாற்றச் சொன்னார்கள், நேரத்தை ஒன்பதரை ஆக்கச் சொன்னார்கள். யாராவது கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் அவரைச் சுற்றி உட்கார்வது இல்லை, எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விடுவது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். மாதம் ஐம்பது ரூபாய் போட்டுக் கார்த்திகைக்கு என்று ஒரு உண்டியல். கடன் குறையவில்லை. வசூல் தம்பியும் இவர்களைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைதான், அவனுக்கும் மேலே ஒருவர் கத்துகிறார் என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மனு எழுதும்போது உங்கள் கையெழுத்து அதில் இருக்கக்கூடாது. பத்திரிகைக்காரர் வந்தால் நீங்கள் பேசக்கூடாது.

அறையும் ஊரும் குழம்பும் இடம்

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஐந்து பேரில் யாரையும் நான் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அழைத்தால் மறுக்க முடியாது அவர்களால். மூன்று பேர் தாங்களாகவே வந்தார்கள்; அங்கே என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விட்டேன். ஒருவர் கடைசிவரை புது ஆள் போலத்தான் வணக்கம் வைத்தார். வட்டத்தில் சந்தித்த ஒருவர் பிறகு சிகிச்சை கேட்டால், முடிந்தவரை வேறு ஆலோசகரிடம் அனுப்புங்கள். நம் பக்கத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம்தான். கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை வாய்விட்டுப் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆண்கள் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் டீக்கடை அரசியலாக முடிந்தது. கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வேறு மாதிரி பார்த்தேன். 2018 நவம்பர் 16 அன்று வீசிய காற்றில் விழுந்த தோப்பைச் சுத்தம் செய்யச் சேர்ந்து போனபோது, மரத்தை அறுத்துக்கொண்டே ஆண்கள் பேசினார்கள். தென்னம்பிள்ளை என்று சொல்லி வளர்த்த மரம். திரும்ப வைத்துக் காய்க்க எத்தனை வருடம் என்ற கணக்கோடு அழுகையும் சேர்ந்து வந்தது. உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, கையில் வேலை இருக்கும்போது வருகிறது.

பேரிடர் நடந்த முதல் நாட்களில் மட்டும் யாரையும் “நடந்ததைச் சொல்லுங்கள்” என்று கிளறாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் வந்துபோனவர்களுக்குக் கணக்கில்லை. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதைப் பற்றி அங்குள்ள ஒரு பெண் பல வருடம் கழித்தும் கோபமாகத்தான் பேசினார். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட கையேடு மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. இணைப்பது என்றால் குடிநீர், உறவினர், நிவாரணப் பதிவு ஆகியவற்றோடு.

உயிர் விஷயம்

வட்டத்தில் ஒருவர் “இருந்து என்ன ஆகப்போகுது” என்று சொல்லிவிட்டு எழுந்தால் அன்றே அவரைத் தனியாகப் பாருங்கள். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது; கேட்கிற ஆள் ஒருவர் கிடைத்த நிம்மதிதான் வரும். தனியே விடாதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்ற ஒருவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். காட்டுமன்னார்கோயில் பகுதியில், தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை ஸ்நேகா அமைப்பின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் இரண்டு கிராமங்களில் ஒரு காரியம் செய்தார்கள். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ள ஓர் அறை. வங்கி லாக்கர் மாதிரி. அங்கே பூச்சிமருந்தால் நேரும் உயிரிழப்பும் முயற்சிகளும் குறைந்ததை 2013-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு மனநல மருத்துவர் கிராமத்துக்குப் போய்ச் செய்ததில் முக்கியமான பொருள் ஒரு பூட்டு என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எப்போது விலகுவது

ஆறாவது உட்காரலுக்குள் வட்டத்தை நடத்தும் வேலையை உள்ளூரில் இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு தெருவுக்கு ஒருவராக. அவர்கள் தப்புத்தப்பாக நடத்துவார்கள், அறிவுரை சொல்வார்கள், நடுவே போன் எடுப்பார்கள். பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒரு முறை, அப்புறம் கூப்பிட்டால் மட்டும்.

கடன் விவரம் எழுதிய நோட்டு என்னிடம் இல்லை. அது ஓர் அக்கா வீட்டில் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. போன மாசியில் நான் போனபோது தண்ணீர்த் தொட்டி நிழலில் யாரும் இல்லை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஒரு சிறுமியிடம் கேட்டேன். “அவங்கல்லாம் படித்துறையில இருக்காங்க, இடத்தை மாத்திட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலையா?” என்றாள். சொல்லவில்லை. கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.